லோர்னா பிக்கெட்டின் தப்படி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லோர்னா பிக்கெட் என் பண்ணையில் வந்து இறங்கினாள். இறங்கினாள் என்று சொல்வதே அதிகம். பிக்கப்பின் கதவைத் திறந்தாள், வலது காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தாள், அப்புறம் மீதி உடம்பு அதன் பின்னால் வந்தது. நான் கைகொடுக்கப் போனேன்.

"கிட்ட வராதே ஹெஸ்டர். வந்தே, கடிச்சிருவேன்."

"டாக்டர் ஆறு மாசம் வீட்டோட இருன்னு சொன்னாராமே?"

"டாக்டருக்கு என்ன தெரியும்? அந்தாளு குதிரைய டிவியிலதான் பாத்திருக்காரு."

ஜூன் மாதம் இடுப்பு மூட்டை மாற்றினார்கள். ஆகஸ்டிலேயே வண்டியைக் கிளப்பிவிட்டாள். அதிலிருந்து ஒரு சனி ஞாயிறு விடவில்லை. ஜார்ஜியா, கரோலினா, மேரிலாண்ட் என்று எங்கே கூப்பிட்டாலும் போனாள். முகத்தைப் பார்த்தேன். ஒரு வாரம் தூங்கினாலும் தெளியாத சோர்வு அதில் இருந்தது. எனக்கும் ஒன்றும் குறைச்சல் இல்லை. கொட்டகையில் பதினோரு குதிரை, கையாளுக்கு முதுகு வலி, எனக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. கிழவிகள் இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து சூப்பைக் குடித்துவிட்டு, அதிகம் பேசத் தெம்பில்லாமல் படுக்கப் போனோம்.

அவளுக்கு அறுபத்தொரு வயது. தெற்கு வர்ஜீனியாவில் புகையிலை ஏலம் கூவுகிறவரின் மகள். அப்பனுடைய தொண்டை அப்படியே வந்திருந்தது. இந்த மூலையில் நின்று கத்தினால் அந்த மூலையில் மேய்கிற மாடு திரும்பிப் பார்க்கும். பதினெட்டு வயதில் மேரிலாண்டில் ஒரு பெரிய லாயத்தில் சாணி அள்ளப் போனாள். அள்ளிக்கொண்டே ஏறக் கற்றுக்கொண்டாள், ஏறிக்கொண்டே தாண்டக் கற்றுக்கொண்டாள். நாட்டின் பெரிய போட்டியில் இரண்டு தடவை ஓட்டியிருக்கிறாள். முதல் தடவை பதினேழாவதாக வந்தாள். இரண்டாவது தடவை குதிரை தண்ணீர்த் தடையின் விளிம்பில் நின்றுவிட்டது, இவள் மட்டும் தண்ணீருக்குள் போனாள். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள். கல்யாணமும் ஆயிற்று, லாடம் அடிக்கிறவன் ஒருத்தனோடு. வருஷத்தில் நாற்பது வாரக் கடைசி பெண்டாட்டி ஊரில் இல்லை என்றால் எவன் இருப்பான்? ஆறாம் வருஷம் கிளம்பிப் போனான், நாயையும் கூட்டிக்கொண்டு. நாய் போனதுக்குத்தான் அவள் அழுதாள்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம், ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி முகாம். அதில் இருபத்திரண்டு வருஷம், அக்டோபர் கடைசியில் என்னிடம். வருகிறவர்கள் யாரும் பெரிய ஆட்கள் இல்லை. வாரம் முழுக்க உழைத்துவிட்டு மிச்சத் தெம்பைக் குதிரைக்குக் கொடுக்கிறவர்கள். ஒரே குதிரையை வைத்துக்கொண்டு அழகு நடையும் காட்ட வேண்டும், காடு மேடும் தாண்ட வேண்டும், கடைசியில் கட்டையைத் தட்டாமலும் குதிக்க வேண்டும். மூன்றையும் முடித்து எலும்பு முறியாமல் வீடு திரும்பினால் அதுவே அவர்களுக்குப் பரிசு.

லோர்னா சொன்னால் சொன்னதுதான். 'இந்தக் குதிரை உனக்கு வேண்டாம்' என்றால் திங்கட்கிழமை விளம்பரம் போட்டுவிடுவார்கள். 'வைத்துக்கொள்' என்றால் புருஷனோடு சண்டை போட்டாவது வைத்துக்கொள்வார்கள். சொந்தமாக வீடோ லாயமோ குதிரையோ கிடையாது அவளுக்கு. அந்தச் சொல் ஒன்றுதான் அவளுடைய சொத்து. அதுவும் இந்த வருஷம் ஆட்டம் கண்டிருந்தது. 'லோர்னா கதை முடிஞ்சுது, இடுப்பு போயிருச்சு' என்று லாயத்துக்கு லாயம் பேச்சு. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வசந்தத்துக்கு வேறு ஓர் ஆளைப் பேசிவிட்டார்கள். நான் மறைக்கவில்லை, சூப் குடிக்கும்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். "நாளைக்குப் பாக்கட்டும்" என்றாள்.

சனிக்கிழமை காலையில் மணல் திடலில் தடை வைக்கிற வேலை. கட்டை தூக்குவது நான், அளப்பது அவள். அளப்பது என்றால் காலால்தான். எங்கள் பிழைப்பில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு: மனுஷன் தப்படி ஒன்று மூன்றடி, நாலு தப்படி குதிரைக்கு ஒரு பாய்ச்சல். குதிரை ஏறக் கற்றுக்கொள்கிற முதல் வருஷமே தரையில் டேப்பை விரித்துப் போட்டு, அதன் ஓரமாக நடந்து நடந்து, தூக்கத்தில் நடந்தாலும் மூன்றடி வருகிற மாதிரி காலைப் பழக்குவோம். லோர்னாவின் தப்படியை டேப்பைவிட நம்பலாம் என்பார்கள். அவள் வைத்த தூரத்தில் டேப்பைப் போட்டுப் பார்ப்பது, சமைத்துப் போட்டவள் எதிரில் சாதத்தை மோந்து பார்க்கிற மாதிரி. யாரும் செய்ய மாட்டோம்.

முதல் தடைக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே எட்டு தப்படி நடந்தாள். "இங்க வை" என்றாள். வைத்தேன். முதல் தடையைத் தாண்டி இறங்க இரண்டு தப்படி, நடுவில் ஒரே பாய்ச்சலுக்கு நாலு, இரண்டாவது தடைக்கு எழும்ப இரண்டு. இருபத்து நாலு அடி. இருபத்திரண்டு வருஷமாக வைக்கிற தடைதான், நான் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

முதல் வகுப்பில் நாலு பேர். அதில் இரண்டு பேர் குட்டைக் குதிரைக்காரர்கள், அவர்கள் டக் டக்கென்று தாண்டிவிட்டுப் போனார்கள். மூன்றாவது ராய்ஸ் டன்லெவி, காப்பீட்டுக் கம்பெனியில் வேலை, பெரிய சாம்பல் குதிரை, அதைவிடப் பெரிய வாய். நாலாவது கார்லா வெஸ்ட்பி, ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். நாற்பத்தேழு வயது. பணி முடிந்து நேராக வந்திருந்தாள், கண் இரண்டும் சிவந்து. அவளுடைய குதிரை டீக்கன், பந்தயத்தில் ஓடித் தோற்றுப் போனவன், நெட்டைக் காலன். மூன்று வருஷமாகத் தன் கையாலேயே பழக்கி வைத்திருந்தாள். அவனை வைத்துக்கொள்வதா விற்பதா என்று வீட்டில் ஓயாத சண்டை. கல்பெப்பர் ஊரில் ஒருத்தர் அவனை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். "மிஸ் லோர்னா பாக்கட்டும், அவங்க சொல்றபடி செய்றேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ராய்ஸின் குதிரை இரண்டாவது தடையின் கட்டையைத் தள்ளியது. மறுபடியும் தள்ளியது.

"மிஸ் லோர்னா, நடுவுல இடம் கொஞ்சம் இறுக்கமா இருக்கோ?" என்றான் ராய்ஸ்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உன் தொப்பையத் தூக்கி உள்ள வச்சுட்டு வா, இடம் தானா வரும்."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், என்னை என்ன சொல்ல!

டீக்கன் வந்தான். முதல் தடையை அழகாகத் தாண்டினான். இறங்கி ஒரு பாய்ச்சல் எடுத்தான், இரண்டாவது தடை நெஞ்சில் வந்து மோதியது. கட்டை சிதறியது.

"மறுபடி! அவன் உன் பேச்சக் கேக்கவே இல்ல கார்லா!"

மறுபடி வந்தான், மறுபடி மோதல். மூன்றாம் தடவை தடைக்கு முன்னால் தயங்கினான். புத்தியுள்ள எந்த ஜீவனும் தயங்கும்.

"சாட்டைய எடு! ஒண்ணு குடு! உக்காந்து வேடிக்கை பாக்கவா வந்தே?"

கார்லா அதுவரை அவனை அடித்து நான் பார்த்ததில்லை. அடித்தாள். பாய்ந்தான். முன்னங்கால் இரண்டும் கட்டையில் மாட்டி, முழங்காலில் விழுந்து, மூக்கு மணலில் உழுதது. கார்லா கழுத்துவரை போய், பிடரி மயிரைப் பிடித்துத் தொங்கி, எப்படியோ தப்பினாள்.  லோர்னா நொண்டி நொண்டிப் பக்கத்தில் போனாள். நல்லவேளை, கத்தவில்லை. கத்தாமல் சொன்னதுதான் இன்னும் மோசம்.

"கண்ணு, நான் சொல்றதக் கேளு. இவன் நல்லவன்தான். ஆனா கால எங்க வைக்கணும்னு இவனுக்குத் தெரியல. காட்டுத் தடையில கட்டைய அசையாம அடிச்சிருப்பாங்க; அங்க இப்படி வந்தான்னா கட்டை விழாது, நீதான் விழுவே. மேல இவன் விழுவான். ரெண்டு சாவ நான் கண்ணால பாத்திருக்கேன். வித்துரு. சும்மா நடத்திட்டுப் போறவங்க யாருக்காவது குடுத்துரு."

கார்லா இறங்கினாள், கடிவாளத்தைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். போகும்போது அவன் கழுத்தைத் தடவிக்கொண்டே போனாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பன்றிக்கறி வைத்த ரொட்டியும் பீன்ஸ் சூப்பும் வைத்திருந்தேன். லோர்னா தொடவில்லை. சேண அறைப் பெஞ்சில் காலை நீட்டிப் படுத்து, மாத்திரையை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த வகுப்புக்குக் கட்டையை எடுத்து வைக்க நான் திடலுக்குப் போனேன்.

மணல் பொய் சொல்லாது. டீக்கனின் குளம்புத் தடம் மூன்று தடவையும் ஒரே இடத்தில் இறங்கியிருந்தது, ஒரே அளவில் பாய்ச்சல் வைத்திருந்தது. கால் தெரியாத குதிரையின் தடம் இல்லை அது. ராய்ஸின் சாம்பல் குதிரைக்கும் அதே இடம். ஆனால் கடைசித் தடம் இரண்டாவது தடையின் அடியில், கட்டைக்கு நேர் கீழே போய் நின்றது. அங்கேயிருந்து எந்தக் குதிரை எழும்பும்? நானே நடந்து பார்த்தேன், முழங்கால் போன என் தப்படியால். ஏழரையில் முடிந்துவிட்டது.  சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, திருடி மாதிரி, கொட்டகைக்குப் போய் டேப்பை எடுத்து வந்தேன்.

இருபத்திரண்டு அடி.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்குத் தோன்றியது உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில்லை. சத்தம் போடாமல் இரண்டடி தள்ளி வைத்துவிடலாம் என்பதுதான். மதிய வகுப்பு நன்றாகப் போகும், லோர்னா தேறிவிட்டாள் என்பார்கள், கார்லாவுக்கு அப்புறமாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். கட்டையைத் தாங்குகிற கம்பத்தைத் தூக்கிப் பாதி நகர்த்திவிட்டேன்.

"என்னடி பண்றே?"

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கம்பத்த நேர் பண்றேன்."

"நேரா இருக்கிறத எதுக்குடி நேர் பண்றே?" அப்புறம் என் கையில் இருந்த டேப்பைப் பார்த்தாள். முகம் கடுத்துப் போயிற்று. "ஓ. அந்த அளவுக்கு வந்தாச்சா? நீயுமா ஹெஸ்டர்?"

"ஆமா, நானும்தான்! மூணு தடவ அந்தப் பொண்ணு செத்துப் பொழச்சிருக்கா, உன் ரோஷத்தக் கட்டிட்டு நான் அழவா?" கத்திவிட்டேன். கத்தியதும் அழுகை வந்தது. "ரெண்டடி கம்மி லோர்னா. ரெண்டடி."

வேலியை விட்டு நொண்டிக்கொண்டு உள்ளே வந்தாள். "டேப்ப விரி" என்றாள்.

விரித்தேன். அதன் ஓரத்தில், கற்றுக்குட்டி மாதிரி, எட்டு தப்படி நடந்தாள். இருபத்திரண்டு. திரும்பப் போய் மறுபடி நடந்தாள், பல்லைக் கடித்து, காலை எட்டிப் போட்டு. இருபத்திரண்டு அடிக்கு ஓர் அங்குலம் கம்மி. நான் குனிந்து ஒவ்வொரு தடத்தையும் அளந்தேன். இடது கால் தப்பாமல் மூன்றடி. வலது கால் ஒவ்வொரு தடவையும் இரண்டரை. அவளுக்குத் தெரியவே இல்லை. அந்தக் கால் மூன்றடி போட்டதாகத்தான் சத்தியம் பண்ணும்.

மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"காலைல எல்லா குதிரையையும் திட்டினேனே" என்றாள். பிறகு, "கார்லா போயிட்டாளா?"

கார்லா போகவில்லை. டிரெய்லர் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராய்ஸும் மற்றவர்களும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லோர்னா எல்லாரும் கேட்கிற மாதிரிதான் பேசினாள், அவளுக்கு வேறு குரல் கிடையாது.

"கார்லா, தப்பு உன் குதிரை மேல இல்ல. என் மேல. தூரத்த ரெண்டடி கம்மியா வச்சுட்டேன். என் கால் நடக்கிற நடை சரியில்ல, அது எனக்கே தெரியல. ராய்ஸ், நீ சொன்னது சரி, உன் தொப்பையக் கிண்டல் பண்ணினது தப்பு."

யாரும் மெல்லவில்லை. கார்லாவுக்கு சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னு அவன அடிச்சேன்" என்றாள். "மூணு வருஷத்துல ஒரு தடவ அடிச்சதில்ல. அவன் மாட்டேன்னு சொன்னான், நான் அடிச்சேன்."

"ஆமா."

"கல்பெப்பர்காரருக்கு இப்பத்தான் சரின்னு மெசேஜ் போட்டேன்."

"வேண்டாம்னு போடு. இல்லேன்னா நம்பரக் குடு, நான் பேசறேன்."

கார்லா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னித்த பார்வை இல்லை அது, இரவெல்லாம் கண் விழித்தவள் பார்வை. பிறகு போனில் எதையோ தட்டினாள். டீக்கனின் முழங்காலில் பனிக்கட்டி கட்டி, நடத்திப் பார்த்து, வீக்கம் இல்லை என்று தெரிந்த பிறகு இரண்டு மணிக்கு மறுபடி ஏறினாள். இந்தத் தடவை டேப்பைப் பிடித்தது லோர்னா. டீக்கன் முதலில் தயங்கினான். கார்லா அடிக்கவில்லை, கழுத்தில் தட்டிக் கொடுத்துக் காத்திருந்தாள். அப்புறம் போனான், இறங்கினான், ஒரு பாய்ச்சல், தாண்டினான். ஒரு கட்டைகூட அசையவில்லை. ராய்ஸ் விசில் அடித்தான். லோர்னா கைதட்டவில்லை. "வச்சுக்கோ" என்றாள், அவ்வளவுதான். கார்லா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்த வருஷம் வருவாளா என்று நான் கேட்கவில்லை.

நான்கு மணிக்கு எல்லாரும் போன பிறகு லோர்னாவைத் தேடினேன். சமையலறை மேசையில் டைரியை விரித்துவைத்து, போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மூக்கு நுனியில்.

"என்னடி இது? போய்ப் படு."

"ஆகஸ்ட்லேந்து ஒம்பது முகாம் ஹெஸ்டர். எல்லா இடத்துலயும் இதே கால்தான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது ஊர். ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு குதிரை.

"அவங்களுக்குத் தெரியவா போகுது? நீயா போய் வாயக் குடுத்தேன்னா வசந்தத்துல ஒருத்தன் கூப்பிட மாட்டான். சோத்துக்கு என்ன பண்ணுவே?"

"தெரியல" என்றாள். "எல்லாருக்கும் போன் பண்ண வேண்டாம். விக்கச் சொன்னவங்க, இது கோழை, இது ஆகாதுன்னு சொன்னவங்க, அவங்களுக்கு மட்டும். குறிச்சு வச்சிருக்கேன், இருபத்தொரு பேரு."

ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டாள். "லோர்னா பிக்கெட் பேசறேன். உங்க குதிரையப் பத்தி நான் சொன்னது தப்பு. நான் வச்ச தூரம் தப்பு." அதே மூன்று வாக்கியம். ஒருத்தி சிரித்துவிட்டாள், 'அப்பவே எனக்குத் தோணிச்சு' என்றாள். ஒருத்தர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மார்ச் மாத முகாமை இப்போதைக்கு நிறுத்தி வைக்கலாம் என்றார். லோர்னா 'சரிங்க' என்று டைரியில் அடித்துவிட்டாள். நான் காபி போட்டு வைத்தேன், ஆறிப் போயிற்று. மறுபடி போட்டேன்.

ஐந்தாவது அழைப்பு வட கரோலினாவுக்கு. ஒரு பெண் எடுத்தாள். லோர்னா மூன்று வாக்கியத்தையும் சொன்னாள். அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேச்சு. லோர்னா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"யாருகிட்ட?" என்றாள். பிறகு, "ஏலத்துலயா? ... வாங்கினது யாருன்னு தெரியாதா?"

அந்தப் பெண் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. அந்த மாதிரி ஏலத்துக்குக் கறிக்கு வாங்குகிறவர்களும் வருவார்கள்.

"இல்லம்மா. நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல. நான் சொன்னேன், நீங்க செஞ்சீங்க." டைரியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "அது என்ன நிறம்மா?"

எழுதிக்கொண்டாள். நிறம், நெற்றியில் வெள்ளை, எந்தக் காலில் தழும்பு, ஏலம் நடந்த ஊர், தேதி. திங்கட்கிழமை காலையில் ஏலக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்பதாகச் சொல்லி வைத்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"எனக்கு அந்தக் குதிரைய ஞாபகமே இல்ல ஹெஸ்டர்" என்றாள். "அது ஆகாதுன்னு எழுதி வச்சிருக்கேன், என் கையெழுத்துதான். மூஞ்சி ஞாபகம் இல்ல."

 போதும், மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள்.

"லோர்னா பிக்கெட் பேசறேன்" என்றாள். "உங்க குதிரை இன்னும் உங்ககிட்டதான் இருக்கா?"